ஏர் ரைஃபிளுக்குப் பொருந்தும் பெல்லட்டைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே கம்பெனி, ஒரே மாடல் ரைஃபிள் இரண்டை எடுத்து, ஒரே டப்பாவிலிருந்து பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, போட்டுச் சுட்டுப் பாருங்கள். ஒன்று 25 மீட்டரில் பத்தையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடும். மற்றது உள்ளங்கை அகலத்துக்கு இறைக்கும். பேரலின் உள்விட்டம் 0.01 மி.மீ. கூடக் குறைய இருந்தாலே இப்படி ஆகும். அதனால் எது நல்ல பெல்லட் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் துப்பாக்கியில் சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சோதனையைப் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் வாரமே மில்லிகிராம் தராசு வாங்கிப் பெல்லட்டை நிறுத்துக்கொண்டிருப்பார்கள். ரைஃபிளைக் கட்டையோடு பிடிக்கும் ஸ்டாக் ஸ்க்ரூ கழன்று ஆடிக்கொண்டிருக்கும். "அண்ணா, பெல்லட் சரியில்லீங்க" என்று வருகிறவர்கள் பலருக்குக் கோளாறு பெல்லட்டில் இருப்பதே இல்லை. வரிசை இதுதான்: காற்று, துப்பாக்கி, பிடி, பெல்லட் வகை, தலை அளவு, வேகம், எல்லாம் முடிந்த பிறகு தராசு. முந்தைய படி சரியாகாமல் அடுத்ததற்குப் போனால் கிடைக்கிற எண்ணை நம்ப முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் .177 காலிபர், அதாவது 4.5 மி.மீ. ரைஃபிளுக்கு. பேரலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் வகைக்கும், சிலிண்டரில் காற்று அடைத்துச் சுடும் பிசிபி வகைக்கும் பொருந்தும். இரண்டுக்கும் மாறுகிற இடங்களைத் தனியாகக் குறித்திருக்கிறது.

1. சட்டம்

வீட்டு மேஜையில் தோட்டா ரீலோடு செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு அந்த ஆசையோடு வருபவர்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் இருந்தாலும் அது தோட்டா செய்யும் அனுமதி ஆகாது. ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதித்துக் குறியை இறுக்கும் அந்த வேலையின் ருசி பெல்லட் சோதனையிலும் குறையாமல் கிடைக்கும்.

.177 காலிபரைத் தாண்டாத, 20 ஜூலுக்கு மேல் போகாத ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பில்லையும் அடையாள அட்டையின் நகலையும் துப்பாக்கிப் பைக்குள்ளேயே வையுங்கள். பாலக்காட்டுப் பக்கம் தமிழ்நாடு கேரள எல்லையை வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த வழியாகத் தாண்டினாலும் செக்போஸ்ட்டில் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். லோடு செய்யாமல், உறைக்குள், வண்டியின் பின்பக்கத்தில் போகட்டும்.

வயலில் இறங்கும் மயில் மீது வைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை அது. கொக்கு, முயல் எதுவானாலும் வேட்டை குற்றம்தான். இந்த வழிகாட்டி அட்டையில் துளை போடுவதற்கு.

2. முன்கூட்டியே வேண்டியவை

சாமான் அதிகமில்லை. ஆனால் ஒன்று குறைந்தாலும் பாதியில் நிற்கும்.

ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் ஆலன் கீ செட், டிஜிட்டல் வெர்னியர் காலிபர், பேரல் துடைக்க நைலான் நரம்பு, பழைய பருத்தி வேட்டித் துணி, கண்ணைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு நோட்டு. வேகம் பார்க்கும் க்ரோனோகிராஃபை ஒன்பதாம் படி வரும்போது இரவல் வாங்கிக்கொள்ளலாம். பெரிய செலவு அது ஒன்றுதான்.

குறி அட்டைக்கு மெல்லிய தாள் ஆகாது. பெல்லட் கிழித்துக்கொண்டு போகும், துளையின் விளிம்பு தெரியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அருமையாக வேலை செய்யும். அச்சில்லாத பின்பக்கத்தில் 10 மி.மீ. கறுப்பு வட்டங்களை நன்றாக இடைவெளி விட்டு வரைந்துகொள்ளுங்கள்.

3. சுடும் இடமும் காற்றும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 முதல் 40 கி.மீ. அகலத்துக்கு மலையே இல்லாத வாசல் பாலக்காட்டுக் கணவாய். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து தள்ளும். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வீசும். பெல்லட் அரை கிராம் சொச்சமே உள்ள ஈயம். இந்தக் காற்றில் அது என்ன பாடுபடும் என்பதை முதலில் எண்ணாகப் பார்த்துவிடுவது நல்லது.

0.547 கிராம் பெல்லட் நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2 மீட்டர் பக்கக் காற்று, அதாவது தென்னை ஓலை லேசாக அசையும் அளவு. 10 மீட்டரில் விலகல் மூன்று மி.மீ.க்குள்தான். 25 மீட்டரில் சுமார் 17 மி.மீ. தூரம் இரண்டரை மடங்கு, விலகல் ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்தக் காற்று வந்தும் நின்றும் விளையாடினால் எவ்வளவு உயர்ந்த பெல்லட்டும் மோசமானதாகத் தெரியும்.

இந்தக் கணவாய்ப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கு கிழக்காகவே ஓடுவதால், சுடும் கோட்டையும் மேற்கு கிழக்காகவே போடுங்கள். எதிர்க்காற்றும் முதுகுக் காற்றும் 25 மீட்டரில் ஒன்றும் செய்யாது, பக்கக் காற்றுதான் கெடுக்கும். காலையில் சுடுவதானால் குறி மேற்கில் இருக்கட்டும். கிழக்கே பார்த்துச் சுட்டால் வெயில் ஸ்கோப்புக்குள் இறங்கி ரெட்டிக்கிள், அதாவது குறிபார்க்கும் குறுக்குக் கோடு, தெரியாது.

நேரம், விடிந்ததிலிருந்து எட்டு எட்டரை மணி வரை. காற்று எழும்பிய பிறகு பிடி பழகலாம், சோதனை வேண்டாம். காலியாகக் கிடக்கும் கோழி ஷெட்டோ கொப்பரைக் கொட்டகையோ 25 மீட்டர் நீளத்துக்குக் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டால் ஆடியிலும் வேலை நடக்கும்.

வெளியில் சுடும்போது சாக்கு நூலிலிருந்து இரண்டு இழை பிரித்து, ஒன்றைச் சுடுபவருக்கு மூன்று மீட்டர் முன்னாலும் ஒன்றைப் பாதி தூரத்திலும் குச்சியில் கட்டுங்கள். புதியவர்கள் குறிக்குப் பக்கத்தில் மட்டும் கட்டுவார்கள். துப்பாக்கி முனைக்கு அருகே தள்ளும் காற்றுதான் மீதி தூரம் முழுவதும் கணக்கில் ஏறும். குறியருகே தள்ளும் காற்றுக்கு வேலை செய்ய இடமே இருக்காது.

பின்தடுப்பு: மணல் மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்குங்கள். அல்லது மரப்பெட்டியில் பழைய துணியை 40 செ.மீ. ஆழத்துக்கு இறுக்கி அடைத்துப் பின்னால் மூட்டை வையுங்கள். தென்னை மரத்தில் அட்டையை ஆணியடித்துச் சுடுவது இந்தப் பக்கத்து வழக்கம், கைவிட வேண்டிய வழக்கம். உருண்டையான கெட்டிப் பரப்பில் பட்ட பெல்லட் பக்கவாட்டில் தெறிக்கும். டயரும் அப்படியே, நேராகத் திருப்பியனுப்பும். குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும் என்பதால் வரப்புக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கும் திசை வேண்டவே வேண்டாம்.

4. துப்பாக்கியைச் சோதனைக்குத் தயாராக்குதல்

ஸ்க்ரூ. ஸ்பிரிங் ரைஃபிளில் முன்கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ இருக்கும். பிஸ்டன் முன்னும் பின்னும் உதைப்பதால் இவை தானாகவே தளரும். ஒவ்வொன்றையும் கழற்றி, எண்ணெய் துடைத்து, கழற்றக்கூடிய நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். பிறகு ஸ்க்ரூத் தலையிலிருந்து கட்டை வரை நெயில் பாலிஷில் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

கீல். பேரல் மடங்கும் மாடலில் பேரலைத் திறந்து, முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் எந்தப் பெல்லட்டும் பொருந்தாது. கீல் ஸ்க்ரூவை இறுக்கித்தான் ஆக வேண்டும். திறந்திருக்கும் பேரலை எப்போதும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். பிடி நழுவி அது மூடினால் விரல் போகும்.

ஸ்கோப். ஸ்பிரிங் ரைஃபிளின் இரட்டை உதைப்பு சாதாரண ஸ்கோப்பை உள்ளேயே உடைத்துவிடும். ஏர்கன் தாங்கும் என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பும், பின்னுக்கு நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட்டும் வேண்டும். ரிங் ஸ்க்ரூவுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் போதும். இறுக்கும் விசையை அளக்கும் டார்க் கருவி இல்லையென்றால், ஆலன் கீயின் நீண்ட காலை ஸ்க்ரூவில் விட்டுக் குட்டைக் காலை இரண்டு விரலால் திருப்பி, நிற்கிற இடத்தில் விட்டுவிடுங்கள்.

பாரலாக்ஸ். தோட்டாத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பலவற்றில் பாரலாக்ஸ் 100 கெஜத்துக்குப் பூட்டப்பட்டிருக்கும். 25 மீட்டரில் கண் சற்று விலகினாலே ரெட்டிக்கிள் குறியின் மீது நகரும். ரைஃபிளை மூட்டையில் அசையாமல் வைத்துவிட்டு, தொடாமல், கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக் கோடு நகர்ந்தால் பாரலாக்ஸ் வளையத்தைத் திருப்பி நிறுத்துங்கள். வளையமே இல்லாத ஸ்கோப் என்றால் அந்த நகர்வின் அளவு உங்கள் குரூப்பில், அதாவது ஒரே குறிக்குச் சுட்ட துளைகளின் பரவலில், ஏறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பேரல். புது பேரலுக்குள் தயாரிப்பு எண்ணெயும் கசடும் இருக்கும். 2 செ.மீ. சதுரமாக வெட்டிய துணியை நைலான் நரம்பில் கட்டி, லோடு செய்யும் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாக இழுங்கள். துணி வெளிறி வரும் வரை போதும். இரும்புக் கம்பி வேண்டாம், முனையில் ஒரு கீறல் விழுந்தால் பேரல் கெட்டது. பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் ரைஃபிளின் அழுத்தத்தில் அது பற்றி எரிந்து சீலைத் தின்றுவிடும்.

துடைத்த உடனே சோதிக்கவும் கூடாது. ஈயம் மெல்லியதாக மீண்டும் படிந்த பிறகுதான் குறி நிலைக்கும். 20, 30 பெல்லட்டைச் சும்மா சுட்டுவிடுங்கள். புது ஸ்பிரிங் ரைஃபிளுக்கு இதுவும் போதாது. முதல் ஒரு டப்பாவில் பாதி வரை புகை, படாரென்ற சத்தம், எண்ணெய் எரிந்த வாசனை எல்லாம் வரும். அறைக்குள் இருக்கும் கிரீஸ் எரிகிறது. அது அடங்கும் வரை வேகம் தாறுமாறாக இருக்கும்.

பிசிபிக்கு ஒன்றே ஒன்று. சிலிண்டரில் சுத்தமான, ஈரமில்லாத காற்று மட்டும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பினால் வெடிக்கும். வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருக்கிறது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

5. பிடி

பிசிபிக்கு உதைப்பு மிகக் குறைவு. முன்கட்டையை மணல் பைமேல் வைத்துச் சுடலாம்.

ஸ்பிரிங் ரைஃபிளை அப்படி வைத்தால் துள்ளும். பெல்லட் பேரலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் ஓடி, ரைஃபிள் நகரத் தொடங்கிவிடுகிறது. அந்த நகர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. விரித்த இடது உள்ளங்கையை மணல் பைமேல் வைத்து, அதன்மேல் முன்கட்டையைப் பிடிக்காமல் கிடத்துங்கள். தோளில் தொட்டும் தொடாமலும். கன்னம் லேசாக. ரைஃபிள் இஷ்டத்துக்குத் துள்ளட்டும், நீங்கள் தடுக்காதீர்கள்.

உள்ளங்கை இருக்கும் இடம் 2 செ.மீ. மாறினாலும் துளை இடம் மாறும். முன்கட்டையின் அடியில் இன்சுலேஷன் டேப்பில் ஒரு கோடு ஒட்டி, விரல் எப்போதும் அந்த இடத்தில் வரும்படி பழகுங்கள். சுட்டவுடன் தலையைத் தூக்கி அட்டையைப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் வரும் கெட்ட பழக்கம். சத்தம் அடங்கி ரெட்டிக்கிள் மறுபடி நிற்கும் வரை கன்னம் எழக்கூடாது.

10 மீட்டரில், கையில் இருக்கும் எந்தப் பெல்லட்டிலாவது, அடுத்தடுத்த இரண்டு பத்துக் குண்டுக் குரூப்கள் ஏறத்தாழ ஒரே அளவில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். அளவு பெரிதா சிறிதா என்பது இப்போது முக்கியமில்லை, ஒரே மாதிரி வர வேண்டும்.

6. பெல்லட் வகைகளை வடிகட்டுதல்

10 மீட்டர் போட்டிக்கு மட்டும் சுடுபவர் தட்டைத் தலைப் பெல்லட்டில் நிற்கலாம்; துளை காகிதத்தில் குத்தினாற்போல் வட்டமாக விழும், எண்ணுவது எளிது. 25 மீட்டருக்கு உருண்டைத் தலைதான். கூர்முனை, குழிமுனை, பளபளக்கும் ஈயமில்லாத அலாய் எல்லாம் டப்பாமேல் படம் அழகாக இருக்கும். முதல் சுற்றில் அவற்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

எடையில் மூன்று தளத்திலிருந்தும் ஒன்றிரண்டு எடுங்கள். இலேசில் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் எக்ஸ்பிரஸ், 0.51 கிராம். நடுவில் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 0.547, ஆர்டபிள்யூஎஸ் சூப்பர்டோம் 0.54, ஹெச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராஃபி 0.56. கனத்தில் ஜேஎஸ்பி எக்ஸாக்ட் ஹெவி, 0.67. நடுத்தர பவருள்ள ஸ்பிரிங் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் நடுத்தளம்தான் ஒத்துவரும். கனமானது பிஸ்டனை மெதுவாக்கி ஸ்பிரிங்கைக் கஷ்டப்படுத்தும். பிசிபி கனத்தையும் ஏற்கும். மலிவு டப்பாவிலும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில பேரல் அதையே விரும்பிவிடும், பணம் மிச்சம்.

சோதனை முறை:

வகை மாற்றிய ஒவ்வொரு முறையும் முதல் 10, 15 பெல்லட் கணக்கில் சேராது. முந்தைய பெல்லட்டின் ஈயமும் எண்ணெயும் பேரலில் இருப்பதால் அவை இடம் மாறித்தான் விழும். இதைத் தவிர்த்து நல்ல பெல்லட்டைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம்.

பிறகு 25 மீட்டரில் ஒரே வட்டத்தைக் குறிவைத்துப் பத்து. அடுத்த வகைக்குப் புது வட்டம். எல்லா வகையும் முடிந்ததும், கடைசி வகையிலிருந்து தொடங்கித் தலைகீழ் வரிசையில் இன்னொரு பத்து. முதலில் சுட்டதற்குக் காலை அமைதியும் கடைசியில் சுட்டதற்குக் களைத்த கையும் கிடைத்தால் நியாயம் ஆகாது. இப்படித் திருப்பினால் சரியாகிவிடும்.

நடுவில் ஸ்கோப்பைத் திருகாதீர்கள். துளைகள் வட்டத்துக்கு 3 செ.மீ. கீழே விழுந்தால் விழட்டும். குறி வட்டம் சேதமாகாமல் இருப்பது நல்லதுதான்.

பெல்லட்டைப் பேரலுக்குள் நகத்தால் தள்ளக் கூடாது. பின்பக்க ஸ்கர்ட் மெல்லிய தகடு, நகம் பட்டால் நசுங்கும். பெருவிரலின் சதையால் அழுத்தி விளிம்போடு சமமாக்குங்கள், ஒவ்வொரு முறையும் அதே ஆழத்துக்கு.

7. தலை அளவு

நல்ல பெல்லட் டப்பாவின் அடியில் 4.50, 4.51, 4.52 என்று ஒட்டியிருக்கும். பெல்லட்டின் தலை விட்டம் அது. பேரலின் உட்சுவரில் சுருளாக ஓடும் வரிகள் தலையை மெல்லப் பற்ற வேண்டும். சின்னதாக இருந்தால் ஸ்கர்ட் மட்டும் பற்றி, தலை உள்ளே தள்ளாடிக்கொண்டே போகும். பெரிதாக இருந்தால் நெரிபடும்.

கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி காக் ஆகாமல் (சுடத் தயாராக ஸ்பிரிங் மாட்டிக்கொள்ளாமல்), பிசிபியானால் காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, பெல்லட்டை லோடு செய்யும் பக்கத்திலிருந்து மழமழவென்ற மூங்கில் குச்சியால் மெதுவாகத் தள்ளி முனையில் வாங்குங்கள். லென்ஸில் தலையின் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் வரி ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் அளவு சரி. சுத்தமாகப் பதியவே இல்லை என்றால் ஒரு அளவு கூடப் போகலாம். ஒரு பக்கம் மட்டும் பதிந்திருந்தால் பெல்லட் கோணலாக நுழைந்திருக்கிறது. இன்னும் இரண்டைத் தள்ளிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தீர்ப்பு அட்டையில்தான். ஆறாம் படியில் முன்னால் வந்த இரண்டு வகையை மட்டும் எடுத்து, கிடைக்கும் தலை அளவுகளில் அதே முறையில் சுடுங்கள். வகையை மாற்றியதைவிட 0.01 மி.மீ. மாற்றியதில் குரூப் அதிகம் இறுகுவது அபூர்வமல்ல.

8. குரூப்பை அளப்பதும் படிப்பதும்

மிகவும் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு நடுவே காலிபரால் அளந்து, 4.5 மி.மீ. கழியுங்கள். அதுதான் மையத்துக்கு மையம். நோட்டில் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்; பின்னால் கோளாறு கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

மூன்று குண்டு சுட்டுவிட்டுப் போட்டோ எடுத்துக் காட்டுவதை நம்பாதீர்கள், உங்களுடையதாக இருந்தாலும். குண்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட அதே துப்பாக்கியின் குரூப் விரியும். மூன்று குண்டில் சராசரி 15 மி.மீ. காட்டுவது பத்துக் குண்டில் 24 மி.மீ. அளவுக்கு வரும். எதுவும் கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. பத்தோடு பத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

18 மி.மீ., 20 மி.மீ. என்று இரண்டு வகை வந்தால் சமம் என்றே எழுதுங்கள். நாளைக்குச் சுட்டால் இடம் மாறும். 18க்கு எதிரே 30 வந்தால்தான் ஒன்றை ஒதுக்கலாம். சமமானவற்றில் மலிவானதையோ எளிதில் கிடைப்பதையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வடிவம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது வீண்போகாது.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டால்: வேகம் நிலையாக இல்லை, அல்லது உள்ளங்கை அழுத்தம் மாறுகிறது. பிசிபியில் அழுத்தம் இறங்க இறங்க வரிசையாகக் கீழே போனால் சிலிண்டர் காலியாகிறது.

இடவலமாக நீண்டால்: முதல் சந்தேகம் காற்று. நூல் அசையாத நேரத்திலும் வந்தால் ட்ரிகரை ஒருபக்கமாக இழுக்கிறீர்கள்.

இரண்டு தனிக் கூட்டமாக விழுந்தால்: ஸ்க்ரூ, கீல், மவுண்ட், பாரலாக்ஸ். பெல்லட்டைக் குறை சொல்லாமல் நாலாம் படிக்குத் திரும்புங்கள்.

ஒன்பது ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் ஓடினால்: அந்தப் பெல்லட்டின் ஸ்கர்ட் நசுங்கியிருந்திருக்கும். ஓடியதைக் கணக்கிலிருந்து எடுக்க மனம் வரும். எடுக்காதீர்கள், எந்த வகையில் அடிக்கடி ஓடுகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

9. வேகம்

இப்போது க்ரோனோகிராஃப். முன்னிருக்கும் வகையில் பத்துச் சுட்டு, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 230ஐச் சுற்றி நொடிக்கு 6 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 25 மீட்டரில் மேலும் கீழும் 3 மி.மீ. சேரும். ஸ்பிரிங் ரைஃபிளில் திடீரென்று 15, 20 மீட்டர் வித்தியாசம் வந்தால் அறைக்குள் எண்ணெய் எரிகிறது அல்லது பேரல் சேரும் இடத்து ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிகிறது. அங்கே டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்துச் சுட்டுப் பாருங்கள், பறந்தால் கசிவு.

காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத பிசிபியில் அதிகம் அடைத்தால் அதிக வேகம் வரும் என்று நினைப்பது தவறு. முழு அழுத்தத்தில் வால்வு சரியாகத் திறக்காமல் வேகம் குறைவாகத் தொடங்கி, ஏறி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு இறங்கும். முழுதாக நிரப்பி, ஒவ்வொரு சூட்டின் வேகத்தையும் எழுதுங்கள். நான்கைந்து சூட்டுக்கு ஒருமுறை கேஜையும் குறியுங்கள். அந்த நடுமேட்டில் 1.5 சதவீதத்துக்குள் அடங்கும் சூடுகள் எவை என்று பார்த்து, அவை தொடங்கும் அழுத்தம் வரைக்கும் மட்டுமே இனி நிரப்புங்கள். முடியும் அழுத்தத்தில் நிறுத்துங்கள். கைப்பம்பு அடிப்பவருக்குப் பாதி உழைப்பு மிச்சம்.

எனர்ஜியையும் கணக்கிட்டுவிடுங்கள்: எடை கிலோகிராமில், வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதி. 0.547 கிராம் 230 மீட்டரில் 14.5 ஜூல். அதே பெல்லட் 270 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல், 0.67 கிராம் 244 மீட்டரிலேயே தொட்டுவிடும். பிசிபியின் ஸ்க்ரூவைத் திருகி வேகம் ஏற்றுபவர்கள் இந்த இரண்டு எண்ணையும் துப்பாக்கிப் பைக்குள் எழுதி வைக்கலாம். வேகத்தால் குறி கூர்மையாகாது. ஒலி வேகத்தை நெருங்க நெருங்கப் பெல்லட் தள்ளாடும். 280க்கு மேல் போனால் பெரும்பாலும் இழப்புதான்.

10. தரம் பிரித்தல்

தராசு கடைசியில் வருவதன் காரணம் கணக்கில் இருக்கிறது. 25 மீட்டரில் பெல்லட் 6 செ.மீ. அளவு கீழிறங்கும். எடையில் 1 சதவீத வித்தியாசம் இருந்தால் இறக்கத்தில் அரை மி.மீ. சொச்சம்தான் மாறும். உங்கள் குரூப் 20 மி.மீ. இருக்கும்போது அதைத் தேடி ஒரு சாயங்காலத்தைச் செலவழிப்பது வீண். 50 மீட்டருக்குப் போனால் 3 மி.மீ. ஆகும், அப்போது பயனுண்டு. நிறுப்பதானால் 0.001 கிராம் காட்டும் தராசு, ஃபேனை நிறுத்திவிட்டு, 0.005 கிராம் இடைவெளியில் கிண்ணங்கள். 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது.

கண்ணால் பார்த்துப் பிரிப்பதுதான் அதிகப் பலன் தரும். டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டாமல் நாலைந்தாக எடுத்து, ஸ்கர்ட்டின் வாயைப் பாருங்கள். வட்டமாக இல்லாததைப் பிடி பழகத் தனியே வையுங்கள். மிச்சத்தைச் சற்றே சரிந்த கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். எல்லாம் ஒரே வளைவில் உருள வேண்டும்; திக்கித் திக்கி உருள்வது, வளைவு மாறுவது எல்லாம் பழகும் டப்பாவுக்கு.

மலிவு டப்பாவில் ஈயத்தூள் அதிகம் இருக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் அலசி, பிளாஸ்டிக் வடிகட்டியில் வடித்து, துணியில் பரப்பி முழுக்க உலர்த்துங்கள். அந்த வடிகட்டி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. அந்தத் தண்ணீரைக் கிணற்றடியிலோ கீரைப் பாத்தியிலோ ஊற்றக் கூடாது. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு சுடுவது, சுட்ட கையோடு முறுக்கு தின்பது இரண்டும் ஈயம் தின்பதற்குச் சமம். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மற்றது.

11. ஸீரோவும் கையிருப்பும்

ஸீரோ என்றால் குறுக்குக் கோடு நிற்கும் இடத்திலேயே பெல்லட் விழும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. பெல்லட் முடிவான பிறகுதான் ஸ்கோப்பைத் தொட வேண்டும். எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. கால் எம்ஓஏ ஸ்கோப்பில் ஒரு க்ளிக் 25 மீட்டரில் 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7 மி.மீ. பத்துத் துளையின் நடுவைக் கண்டு, அங்கிருந்து கணக்கிட்டு மொத்தமாகத் திருப்புங்கள். ஒரு குண்டு, இரண்டு க்ளிக், இன்னொரு குண்டு என்று துரத்தினால் டப்பாதான் தீரும்.

ஸ்கோப் பேரலுக்கு 45 மி.மீ. மேலே இருக்கும் ரைஃபிளில், நாம் எடுத்துக்கொண்ட அதே 0.547 கிராம், 230 மீட்டர் வேகத்துக்கு 25 மீட்டரில் ஸீரோ செய்தால், 10 மீட்டரில் சுமார் 11 மி.மீ. கீழே விழும். பக்கத்தில் வந்தால் இன்னும் மேலே போகும் என்று நினைத்து எதிர்த்திசையில் திருத்துபவர்கள் இதை ஒருமுறை அட்டையில் பார்த்துக்கொள்ளட்டும்.

டப்பாவின் அடியில் இருக்கும் லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்ணை, நோட்டில் எழுதுங்கள். அதே எண்ணில் கடையில் இருப்பதையெல்லாம் வாங்க வசதியிருந்தால் வாங்கிவிடுங்கள். அதே பெயர், அதே தலை அளவு, வேறு லாட் என்றால் ஏழாம் படியிலிருந்து மறுபடி பத்துக் குண்டுகள் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

மழைக்காலத்தில் திறந்த டப்பாவிலிருக்கும் பெல்லட் வெள்ளைப் பூத்துவிடும். அது ஈயத்தின் உப்பு, பேரலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூத்ததைக் கழுவிப் பயன்படுத்த முயலாமல் தள்ளிவிடுங்கள்.

பேரலை மாதம் ஒருமுறை என்று நாள் பார்த்துத் துடைக்க வேண்டாம். நோட்டில் குரூப் அளவு மெல்ல மெல்ல விரிந்துகொண்டே வந்தால் துடையுங்கள். துடைத்த பிறகு 20, 30 பெல்லட் சும்மா சுட்டுவிட்டு அளந்தால் பழைய எண் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் நெயில் பாலிஷ் கோடுகளைப் பாருங்கள்.